பாஸ்டன் செல்டிக்ஸ் தன் சென்டர்களை ஏன் விட்டுக்கொடுத்தது? 2025 கோடைக்கால முடிவுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸை 4-1 என்று வென்று வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் தன் 18ஆவது பட்டத்தைப் பெற்ற பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில், வளையத்தின் அடியில் நின்று ஆடும் சென்டர் பொறுப்பு மூவரிடம் இருந்தது. லாட்வியாவைச் சேர்ந்த 7 அடி 2 அங்குல உயரமுள்ள க்ரிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ், டொமினிக்கன் குடியரசில் பிறந்த மூத்த வீரர் அல் ஹார்ஃபர்ட், மாற்று வீரராக இறங்கி எல்லோருக்கும் பிடித்தவராக மாறிய லூக் கோர்னெட் ஆகியோரே அவர்கள். 2025-26 பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு அணி தயாரானபோது இந்த மூவரில் ஒருவர்கூட பாஸ்டனில் இல்லை. ஒரே கோடையில் ஓர் அணி தன் சென்டர் வரிசை முழுவதையும் இழப்பது அரிது. பட்டம் வென்ற பதினாறே மாதங்களில் அது நடப்பது அதனினும் அரிது. அதைப் பற்றி ரசிகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, 2025-26 பருவம் தொடங்கும் தறுவாயில் இருந்த நிலையை வைத்து, இயன்றவரை விரிவாகப் பதில் தர இந்தப் பக்கம் முயல்கிறது.

மூவரும் எங்கே போனார்கள், எப்படிப் போனார்கள்?

போர்ஸிங்கிஸ் ஜூன் இறுதியில் முடிவான மூன்று அணிப் பரிமாற்றம் ஒன்றில் அட்லாண்டா ஹாக்ஸுக்கு அனுப்பப்பட்டார். அதில் பாஸ்டனுக்கு ஜார்ஜ் நியாங் என்ற ஃபார்வர்டும், வருங்கால டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வும் கிடைத்தன. மூன்றாவது அணியான புரூக்ளின் நெட்ஸ் டெரன்ஸ் மேனையும் முதல் சுற்றின் 22ஆவது தேர்வையும் பெற்றுக்கொண்டது. கோர்னெட்டின் ஒப்பந்தம் முடிந்திருந்ததால் அவர் யாருடனும் பேசலாம் என்ற நிலை. வீரர் சந்தை திறந்தவுடனேயே அவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுடன் நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 4.1 கோடி டாலருக்கு உடன்பட்டார். ஹார்ஃபர்டின் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. அவருடைய முடிவு கோடை முழுவதும் இழுபட்டு, பயிற்சி முகாம்கள் தொடங்கும் தறுவாயில்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் என்று உறுதியானது.

ஆக, ஒருவரை அணியே அனுப்பியது. இருவர் ஒப்பந்தம் முடிந்து தாமாகப் புறப்பட்டார்கள். மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுவதால்தான் பல விவாதங்கள் குழம்பிப்போகின்றன. கீழே ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே பார்ப்போம்.

பட்டம் வென்ற அணியால் தன் வீரர்களுக்குச் சம்பளம் தர முடியாதா?

தர முடியும், ஆனால் அதற்கு விலை சம்பளத்தோடு நிற்பதில்லை. என்.பி.ஏ.வில் ஒவ்வோர் ஆண்டும் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்குச் சில கோடுகள் வரையப்படுகின்றன. 2025-26க்கு உச்சவரம்பு 15.46 கோடி டாலர். ஒரு அணி தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வீரர்களுடன் மீண்டும் ஒப்பந்தம் செய்ய இந்த வரம்பைத் தாண்டலாம் என்பதால் இது உண்மையான தடையாக இருப்பதில்லை. அதற்கு மேல் 18.79 கோடியில் ஆடம்பர வரிக்கோடு வருகிறது. அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு லீகுக்கு வரி கட்ட வேண்டும். அதற்கும் மேலே, ‘ஏப்ரன்’ என்று அழைக்கப்படும் இரண்டு கோடுகள் உள்ளன: முதலாவது 19.59 கோடியில், இரண்டாவது 20.78 கோடியில்.

2023இல் வீரர் சங்கமும் லீகும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் கூர்மையான முனை இந்த இரண்டாவது ஏப்ரன்தான். அதற்கு மேலே இருக்கும் அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி அதற்கு ஈடாக ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் வாங்க முடியாது; அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர் கூடுதலாகத் திரும்பப் பெற முடியாது; வரி கட்டும் அணிகளுக்கென்று இருக்கும் சிறிய ஒப்பந்தச் சலுகையையும் பயன்படுத்த முடியாது; ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள அதன் முதல் சுற்றுத் தேர்வு முடக்கப்பட்டுவிடும். தொடர்ந்து அங்கேயே இருந்தால் அந்தத் தேர்வு முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும். பாஸ்டன் 2024-25 பருவத்தை இந்தக் கோட்டுக்கு மேலேயே கழித்திருந்தது.

இதோடு வரியும் சேர்கிறது. முந்தைய நான்கு பருவங்களில் மூன்றில் வரி கட்டிய அணிக்குக் கூடுதல் விகிதம் உண்டு. பாஸ்டன் 2025-26இல் அந்த வகையில் விழுந்தது. அந்த விகிதத்தில் முதல் படியிலேயே, தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் மூன்று டாலர் வரி. மூன்றாவது படிக்குப் போனால் ஐந்தரை டாலர். கோடையின் தொடக்கத்தில் அணி இரண்டாவது ஏப்ரனைவிடச் சுமார் இரண்டு கோடி டாலர் மேலே இருந்தது. ஒரு மாற்றமும் செய்யாமல் அப்படியே தொடர்ந்திருந்தால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரை நெருங்கும் என்று அப்போது பரவலாகக் கணிக்கப்பட்டது. அந்த உயரத்தில் இருக்கும் அணி ஒரு சென்டருக்கு ஒரு கோடி டாலர் தர முடிவெடுத்தால், உண்மையில் செலவாவது ஆறு கோடிக்கு மேல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் எந்தத் தனி முடிவையும் எடைபோட முடியாது.

நட்சத்திர வீரர் ஜேசன் டேட்டமின் காயம்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

ஓரளவுக்கு மட்டுமே. 2025 மே 12 அன்று பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான தொடரின் நான்காவது ஆட்டத்தில், 42 புள்ளிகள் எடுத்து ஆடிக்கொண்டிருந்த டேட்டமின் வலது குதிகால் தசைநார் அறுந்தது. 61 வெற்றிகளோடு பருவத்தை முடித்திருந்த பாஸ்டன் அந்தத் தொடரை 4-2 என்று இழந்தது. இத்தகைய காயத்திலிருந்து மீள ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும் என்பதால், அடுத்த பருவத்தில் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பு பெருமளவு சுருங்கியது.

ஆனால் சம்பளக் கணக்கு அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. டேட்டமின் ஐந்தாண்டு 31.4 கோடி டாலர் ஒப்பந்தம் 2025-26இல் தொடங்கவிருந்தது. அணியின் இன்னொரு நட்சத்திரமான ஜேலன் பிரவுனின் 28.5 கோடி ஒப்பந்தம் ஏற்கெனவே நடப்பில் இருந்தது. டேட்டம் நலமாக இருந்திருந்தாலும் போர்ஸிங்கிஸ், காவலர் ஜூரூ ஹாலிடே ஆகிய இருவரில் ஒருவராவது போயிருப்பார் என்பதே என் கணிப்பு. காயம் மாற்றியது வேறொன்றை. இன்னும் ஓராண்டு பட்டத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்போம் என்று சொல்வதற்கான நியாயம் அன்றிரவோடு இல்லாமல் போயிற்று. அந்த நியாயம் இருந்திருந்தால் ஹார்ஃபர்டும் கோர்னெட்டும் தங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அணியின் கூடைப்பந்துத் தலைவர் பிராட் ஸ்டீவன்ஸும் ஜூலையில் பேசியபோது, பரிமாற்றங்களுக்கு இரண்டாவது ஏப்ரனே காரணம் என்பதை மறைக்கவில்லை.

அணியின் உரிமை கைமாறிய ஆண்டும் அதுவே. 2025 மார்ச்சில் 610 கோடி டாலர் மதிப்பில் பில் சிஷோம் தலைமையிலான குழு வாங்க ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் அது நிறைவேறியது. புதிய உரிமையாளர் கஞ்சத்தனம் செய்தார் என்று சொல்பவர்கள், பழைய விதிகளின்கீழ் இப்படி ஒரு நெருக்கடியே எழுந்திருக்காது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

போர்ஸிங்கிஸுக்கு ஈடாக ஜார்ஜ் நியாங் மட்டும்தானா? அது மிகக் குறைவல்லவா?

ஆட்டத்திறனை மட்டும் பார்த்தால் ஒப்பிடவே முடியாது. 2024-25இல் போர்ஸிங்கிஸ் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 19.5 புள்ளிகள் எடுத்தார், தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல்களில் 41 விழுக்காட்டை வளையத்துக்குள் போட்டார். அந்த உயரத்தில் நின்று, எதிரணிச் சென்டரை வளையத்தடியிலிருந்து வெளியே இழுத்துவரும் வீரர் லீகிலேயே சிலர்தான். 2024 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில், நீண்ட காயத்துக்குப் பிறகு மாற்று வீரராக இறங்கி 20 புள்ளிகள் எடுத்து டல்லாஸை நிலைகுலையச் செய்ததைப் பார்த்தவர்களுக்கு அவருடைய மதிப்பை விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பரிமாற்றத்தில் பாஸ்டன் வாங்கியது வீரரை அல்ல, இடைவெளியை. போர்ஸிங்கிஸின் 2025-26 சம்பளம் 3.07 கோடி டாலர். நியாங்கின் சம்பளம் 82 லட்சம் டாலர். இடையிலுள்ள சுமார் 2.25 கோடியே அணியை இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறக்கியது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். போர்ஸிங்கிஸ் அந்தப் பருவத்தில் 42 ஆட்டங்களில்தான் ஆடினார். பருவத்தின் பிற்பகுதியில் அவரைப் பிடித்த உடல்நலக் குறைவு பிளேஆஃப் ஆட்டங்களிலும் விடவில்லை. நிக்ஸ் தொடரில் அவர் பழைய போர்ஸிங்கிஸின் நிழலாகவே தெரிந்தார். ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதமிருக்க, உடல்நிலை பற்றிய கேள்விக்குறியோடு இருக்கும் வீரருக்குச் சந்தையில் பெரிய விலை கிடைக்காது. பாஸ்டன் செலவைக் குறைத்தே தீர வேண்டும் என்பது மற்ற 29 அணிகளுக்கும் தெரிந்திருந்தது. அப்படிப்பட்ட நிலையில் முதல் சுற்றுத் தேர்வு எதையும் கூடவே கொடுத்தனுப்பாமல் இந்தப் பரிமாற்றத்தை முடித்ததே ஸ்டீவன்ஸின் திறமை.

கோர்னெட்டையாவது வைத்திருக்க முடியாதா?

இந்தக் கோடையின் உண்மையான கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. போர்ஸிங்கிஸின் பிரிவு கணக்கின் கட்டாயம். ஹார்ஃபர்டின் பிரிவு வயதோடு சேர்ந்து வருவது. கோர்னெட்டின் பிரிவுதான் வேறுவிதமாக முடிந்திருக்கக்கூடியது.

முதலில் அவர் யார் என்பதைப் பார்ப்போம். 7 அடி 1 அங்குல உயரமுள்ள கோர்னெட்டை எந்த அணியும் டிராஃப்டில் தேர்ந்தெடுக்கவில்லை. பல அணிகளில் அலைந்து பாஸ்டனில் நிலைகொண்ட அவர், 2024-25இல் லீகின் குறைந்தபட்ச அளவிலான சம்பளத்துக்கு 73 ஆட்டங்களில் ஆடினார். சராசரி 6 புள்ளிகள், 5.3 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) என்ற எண்களில் அவருடைய ஆட்டம் தெரியாது. எதிரணி வீரர் தொலைவிலிருந்து எறியும்போது, ஓடிச் சென்று தடுக்க நேரமில்லை என்றால், தான் நிற்கும் இடத்திலேயே கைகளை உயர்த்தி நேர்மேலே குதித்து எறிபவரின் கண்ணிலிருந்து வளையத்தை மறைப்பது அவர் கண்டுபிடித்த உத்தி. தாக்குதல் ரீபவுண்டுகளைக் கையில் பிடிக்க முடியாதபோது தன் அணியினரை நோக்கித் தட்டிவிடுவதும், டேட்டமுக்கும் பிரவுனுக்கும் சரியான கோணத்தில் எதிராளியை உடலால் மறித்துத் திரை அமைத்துக் கொடுப்பதும் அவருடைய அன்றாட வேலைகள்.

டேட்டம் காயமடைந்த பிறகு நடந்த ஐந்தாவது ஆட்டத்தில் என்ன நிகழ்ந்தது என்று பாருங்கள். தோற்றால் பருவம் முடிந்துவிடும் என்ற நிலையில் பாஸ்டன் 127-102 என்று வென்றது. கோர்னெட் எறிந்த ஐந்தும் வளையத்துக்குள் விழுந்தன. 10 புள்ளிகள், 9 ரீபவுண்டுகள், 7 தடுப்புகள். நிக்ஸ் வீரர்கள் வளையத்தை நெருங்கவே தயங்கியது கண்கூடாகத் தெரிந்தது. அந்த ஒரே ஆட்டம் அவருடைய சந்தை விலையை உயர்த்தியிருக்கக்கூடும். பாஸ்டன் ரசிகர்கள் அதற்காக வருந்தவும் முடியாது.

ஸ்பர்ஸ் தரவிருந்தது ஆண்டுக்குச் சுமார் ஒரு கோடி டாலர். கோர்னெட் பாஸ்டனில் நெடுநாள் இருந்தவர் என்பதால், அதே தொகையைத் தர விதிகள் பாஸ்டனைத் தடுக்கவில்லை, வரிதான் தடுத்தது. போர்ஸிங்கிஸ் பரிமாற்றத்துக்கும், ஹாலிடேயைப் போர்ட்லாண்டுக்கு அனுப்பிய பரிமாற்றத்துக்கும் பிறகும் அணி வரிக்கோட்டுக்கு மேலேயே இருந்தது. அவருக்குத் தரும் ஒவ்வொரு டாலருக்கும் மூன்று டாலரோ அதற்கு மேலோ வரி கட்ட வேண்டியிருக்கும். இரண்டாவது ஏப்ரனும் மீண்டும் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கும். நியாங்கின் சம்பளத்தை முன்கூட்டியே வேறு அணிக்கு மாற்றியிருந்தால் ஏப்ரன் சிக்கல் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நியாங் பரிமாற்றம் ஆகஸ்டில்தான் முடிந்தது. கோர்னெட்டோ சந்தை திறந்த முதல் இரவிலேயே முடிவெடுத்துவிட்டார். முப்பதை நெருங்கும் ஒரு வீரர், வாழ்நாளில் முதன்முறையாக வரும் பெரிய ஒப்பந்தத்தை, அதுவும் ஸ்பர்ஸின் நட்சத்திரமான விக்டர் வெம்பன்யாமா போன்ற ஒருவருடன் சேர்ந்து ஆடும் வாய்ப்போடு வரும்போது, பழைய அணி கணக்கைச் சரிசெய்யும் வரை காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

ஆகவே என் பதில்: முடிந்திருக்கும், ஆனால் மிகுந்த செலவில், அதுவும் டேட்டம் ஆடாத ஒரு பருவத்துக்காக. நிர்வாகத்தின் முடிவை நான் புரிந்துகொள்கிறேன். அதே நேரம், டேட்டம் திரும்பி வரும்போது அருகே வேண்டியிருக்கும் வீரர் இவர்தான் என்பதால், நான்கு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமும் என்னைவிட்டு அகலவில்லை.

39 வயது ஹார்ஃபர்டின் இழப்பு அவ்வளவு பெரியதா?

எண்களைவிடப் பெரியது. 2007 டிராஃப்டில் மூன்றாவதாக அட்லாண்டாவால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 2016இல் பாஸ்டனுக்கு வந்து, 2019இல் பிரிந்து, 2021இல் திரும்பினார். ஸ்டீவன்ஸ் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து தலைவர் பொறுப்புக்கு மாறியதும் செய்த முதல் பரிமாற்றமே, கெம்பா வாக்கரையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து ஹார்ஃபர்டை மீட்டு வந்ததுதான். 2024 பட்டத்தின் மூலம் என்.பி.ஏ. பட்டம் வென்ற முதல் டொமினிக்கர் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

2024-25 பருவத்தில் அவர் 60 ஆட்டங்களில் ஆடி 9 புள்ளிகளும் 6.2 ரீபவுண்டுகளும் சராசரியாக எடுத்தார். அவர் உண்மையில் தந்தது, சிறிய வேகமான வீரர்களையும் பெரிய உடல்வாகு கொண்டவர்களையும் மாறிமாறி எதிர்கொள்ளும் அறிவு. திரை போடப்படும்போது ஆள் மாற்றிக் காக்கும் முறையைப் பாஸ்டன் அச்சமின்றிக் கையாண்டதற்கு, சென்டர் இடத்தில் அவர் இருந்ததே முக்கியக் காரணம். இருந்தாலும், பட்டம் அநேகமாகக் கைக்கெட்டாத ஒரு பருவத்தில் 39 வயது வீரரை வைத்திருப்பது அணிக்கும் பயனில்லை, அவருக்கும் பயனில்லை. அவருக்கு மிஞ்சியிருக்கும் ஆட்டங்கள் கொஞ்சமே. வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கரியோடு அவற்றை ஆட அவர் விரும்பியதில் யாரும் குறைகாண முடியாது.

அப்படியானால் 2025-26 பருவத் தொடக்கத்தில் முதன்மைச் சென்டர் யார்?

நெமியாஸ் கேட்டா. என்.பி.ஏ.வில் ஆடிய முதல் போர்ச்சுகீசியர். 1999இல் பிறந்தவர், 7 அடி உயரம், யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். 2021 டிராஃப்டில் 39ஆவதாக சாக்ரமென்டோ அவரைத் தேர்ந்தெடுத்தது. அங்கே பெரிய வாய்ப்பு அமையவில்லை. 2023இல் பாஸ்டனுக்கு வந்தபோது துணை அணிக்கும் முதன்மை அணிக்கும் இடையே மாறிமாறி ஆடும் இருவழி ஒப்பந்தம்தான் கையில் இருந்தது. அதிலிருந்து முழு ஒப்பந்தத்துக்கு உயர்ந்து, 2024 கோடையில் மூன்றாண்டு ஒப்பந்தம் பெற்றார். அந்த ஒப்பந்தத்தின்படி அவருடைய 2025-26 சம்பளம் 25 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. முதன்மைச் சென்டர் ஒருவருக்கு லீகில் இவ்வளவு குறைவாகத் தரும் அணிகள் வேறு இருந்தால் மிகச் சிலவாகவே இருக்கும்.

அவரிடம் இருப்பவை: வேகமாக மேலெழும் ஆற்றல், நீண்ட கைகள், தாக்குதல் ரீபவுண்டுக்கு விடாமல் மோதும் உழைப்பு. குறைகள்: எளிதில் ஃபவுல் செய்துவிடுவது, வளையத்திலிருந்து விலகி நின்று எறியும் திறன் இல்லாதது, நீண்ட நேரம் தொடர்ந்து ஆடிய அனுபவம் இல்லாதது. 2024-25 பருவத்தில் 62 ஆட்டங்களில் ஆடியபோதும் பெரும்பாலும் சில நிமிடங்களுக்கே இறக்கப்பட்டார். அவரால் ஓர் ஆட்டத்தில் 25 நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதை, அந்த நிமிடங்களைக் கொடுத்துப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையேயான 2025 யூரோபாஸ்கெட் போட்டியில் போர்ச்சுகல் அணியை ஏறத்தாழத் தன் தோளிலேயே சுமந்து 16 அணிகள் சுற்றுக்கு அவர் கொண்டுசென்றது நல்ல அறிகுறி. ஒரு தேசிய அணியின் நடுநாயகமாக ஆடும் பொறுப்பு, பாஸ்டனில் இதுவரை அவருக்குக் கிடைக்காத ஒன்று.

டேட்டம் இல்லாத இந்த ஆண்டுதான் அவரைச் சோதித்துப் பார்க்கத் தகுந்த ஆண்டு. பட்டத்துக்கு ஆடும் அணி இத்தகைய சோதனையைச் செய்யத் துணியாது.

அவருக்குத் துணையாக யார் இருந்தார்கள்?

மின்னசோட்டாவிலிருந்து வந்த லூக்கா கார்ஸா இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஆடியபோது 2021இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் சிறந்த வீரராகத் தேர்வானவர். எறிதல் திறனும் ரீபவுண்ட் உழைப்பும் உண்டு, ஆனால் காப்பு ஆட்டத்தில் கால்வேகம் போதாது என்பதே இதுவரை அவரைப் பின்தங்க வைத்தது. டொராண்டோவில் நெடுங்காலம் ஆடிய கிறிஸ் பூஷே ஆகஸ்டில் ஓராண்டுக்கு வந்தார். ஒல்லியான உடல்வாகு என்பதால் பெரிய சென்டர்களைத் தாங்க முடியாவிட்டாலும், தொலைவிலிருந்து எறியவும் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து தடுக்கவும் கூடியவர். 2024 பிப்ரவரியில் மெம்ஃபிஸிலிருந்து வந்த சேவியர் டில்மன் உயரம் குறைந்தவர், ஆனால் வலிமையானவர்.

இங்கிலாந்தைச் சேர்ந்த அமாரி வில்லியம்ஸை டிராஃப்டில் 46ஆவதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது தன் பிரிவின் சிறந்த காப்பு வீரராக மூன்று முறை தேர்வானவர், பிறகு கென்டக்கியில் ஓராண்டு ஆடினார். உயரத்துக்கு மீறிய பாஸ் திறன் அவரிடம் உண்டு. உடனடியாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

வந்த வேகத்திலேயே நியாங்கை ஏன் அனுப்பினார்கள்?

சம்பளத்துக்காகத்தான். ஆகஸ்டில் அவரையும் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் யூட்டா ஜாஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆர்.ஜே. லூயிஸ் என்ற இளம் வீரரைப் பெற்றார்கள். நியாங் மாசசூசெட்ஸ் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால், சொந்த ஊர் அணிச் சீருடையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் அவர் போனது பலருக்கு வருத்தம் தந்தது.

ஆட்டமுறையில் என்ன மாறும்?

மிகவும் கவலைக்குரியது ரீபவுண்ட். பலரும் மூன்று சென்டர்களின் இழப்பை மட்டும் எண்ணுகிறார்கள். ஆனால் 2024-25 பருவத்தில் அணியில் அதிகமாக ரீபவுண்ட் எடுத்தவர் டேட்டம், சராசரி 8.7. போர்ஸிங்கிஸ் 6.8, ஹார்ஃபர்ட் 6.2, கோர்னெட் 5.3. நால்வரும் எல்லா ஆட்டங்களிலும் சேர்ந்து ஆடவில்லை என்பதால் நேரடியாகக் கூட்டுவது சரியான கணக்காகாது என்றாலும், கூட்டினால் 27 வருகிறது. ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுக்கும் ரீபவுண்டுகளில் பாதிக்கும் மேலானது இது. இந்த இடைவெளியைக் கேட்டாவும் கார்ஸாவும் மட்டும் நிரப்ப முடியாது. பிரவுன், டெரிக் வைட், சாம் ஹாசர் முதலிய வெளிவட்ட வீரர்களும் எதிரணி எறிந்தவுடன் வேகத்தாக்குதலுக்கு ஓடாமல், உள்ளே திரும்பி எதிராளியை மறித்து நிற்கப் பழக வேண்டும். ஒருவரின் திறமைக் குறைவை ஐவரின் ஒழுங்கால்தான் ஈடுகட்ட முடியும்.

இரண்டாவது, தாக்குதலில் கிடைத்த இடவசதி. பயிற்சியாளர் ஜோ மஸுல்லாவின் அணி 2024-25இல் 1,457 மூன்று புள்ளி எறிதல்களை வெற்றிகரமாக்கி லீக் சாதனை படைத்தது. போர்ஸிங்கிஸும் ஹார்ஃபர்டும் தொலைவிலிருந்து எறிவார்கள் என்ற அச்சத்தில் எதிரணிச் சென்டர் வளையத்தைவிட்டு வெளியே வர வேண்டியிருந்தது. அப்போது உள்ளே ஓடும் பிரவுனுக்குப் பாதை திறந்திருக்கும். கேட்டாவை யாரும் வெளியே வந்து காக்கப் போவதில்லை. அதனால் அவர் திரை அமைத்து வளையத்தை நோக்கித் திரும்பி ஓடும் பாணிதான் இனி அடிப்படையாக இருக்கும். இது குறைபாடு மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. நிக்ஸ் தொடரின் முதல் ஆட்டத்தில் பாஸ்டன் எறிந்த 60 மூன்று புள்ளி எறிதல்களில் 45 தவறின. இருபது புள்ளிகள் முன்னிலை கரைந்து ஆட்டம் கைநழுவியது. எறிதல் கைகொடுக்காத இரவில் வளையத்தடியில் முட்டிமோதிப் புள்ளி எடுக்க ஆள் வேண்டும் என்ற பாடம் அந்தத் தொடரிலேயே இருந்தது.

மூன்றாவது, காப்பு ஆட்டம். ஹார்ஃபர்டைப் போல ஆள் மாற்றிக் காக்கும் சென்டர் இல்லாததால், திரை போடப்பட்டதும் சென்டர் பின்வாங்கி வளையத்தைக் காக்கும் முறைக்கு அணி அதிகமாகச் சாய வேண்டியிருக்கும். அதில் பந்தைக் கொண்டுவரும் எதிரணி வீரருக்கு நடுத்தொலைவு எறிதல் எளிதாகக் கிடைக்கும். வைட் பின்னாலிருந்து துரத்தி அழுத்தம் தருவதில் வல்லவர் என்பது இங்கே கைகொடுக்கும்.

செலவைக் குறைக்கச் சென்டர்களைத்தான் விட வேண்டுமா? வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாமே?

ஹாலிடேயையும் அனுப்பினார்கள், அவர் போர்ட்லாண்டுக்குப் போக, ஆன்ஃபெர்னீ சைமன்ஸ் வந்தார். டேட்டமையோ பிரவுனையோ தொடுவது அணியைக் கலைப்பதற்குச் சமம். வைட்டை மற்ற அணிகள் விரும்பின என்றாலும், அவரைப் போன்ற இருபுறமும் ஆடும் காவலரை மீண்டும் தேடிப்பிடிப்பது கடினம். சென்டர்களில் நட்சத்திரங்களைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், வளையத்தைக் காத்து ரீபவுண்ட் எடுக்கும் ஒருவரைக் குறைந்த விலையில் கண்டெடுக்க முடியும் என்பது லீகில் பல அணிகளின் நம்பிக்கை. கோர்னெட்டே அதற்குச் சான்று: குறைந்தபட்சச் சம்பளத்தில் கண்டெடுக்கப்பட்டவர். பாஸ்டன் நிர்வாகம் இன்னொரு கோர்னெட்டை வளர்த்தெடுக்க முடியும் என்று தன்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறது. அந்த நம்பிக்கை சரியா என்பதைக் கேட்டாவின் ஆட்டமே காட்ட வேண்டும்.

பாஸ்டனின் வரலாற்றில் சென்டர் முடிவுகள் அணியின் போக்கையே மாற்றியதுண்டா?

உண்டு, அந்த அணியின் வரலாற்றையே சென்டர்களைக் கொண்டு எழுதிவிடலாம். சென்டர் பில் ரஸல் 13 பருவங்களில் 11 பட்டங்கள் வென்றார். அதற்கு அடுத்த பெரிய முடிவு 1980 ஜூனில் வந்தது. டிராஃப்டின் முதல் தேர்வையும் 13ஆவது தேர்வையும் வைத்திருந்த அணி நிர்வாகத் தலைவர் ரெட் அவர்பேக், அவ்விரண்டையும் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்து, பதிலுக்கு ராபர்ட் பாரிஷ் என்ற சென்டரையும் மூன்றாவது தேர்வையும் வாங்கினார். அந்த மூன்றாவது தேர்வில் கெவின் மெக்ஹேலை எடுத்தார். நட்சத்திர வீரர் லாரி பேர்டோடு இவ்விருவரும் சேர்ந்து 1981, 1984, 1986 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றார்கள்.

அன்றைய அவர்பேக்கையும் இன்றைய ஸ்டீவன்ஸையும் ஒப்பிடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1980இல் லீகில் சம்பள உச்சவரம்பே கிடையாது. அது 1984-85 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர்பேக் தேர்ந்தெடுத்த சென்டர்களை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ள முடிந்தது. ஸ்டீவன்ஸ் 2023இல் போர்ஸிங்கிஸை வாங்கியதும், அதே ஆண்டு சென்டர் ராபர்ட் வில்லியம்ஸைக் கொடுத்து ஹாலிடேயை வாங்கியதும் எந்த வகையிலும் தாழ்ந்த முடிவுகள் அல்ல. அவை ஒரு பட்டத்தைத் தந்தன. ஆனால் இரண்டே ஆண்டுகளில் அவற்றைத் திருப்பிப் பிரிக்க வேண்டியிருந்தது.

2025-26 பருவத்தின் நடுவில் ஒரு நல்ல சென்டரை வாங்க வழி இருந்ததா?

இருந்தது. இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே இறங்கியதன் பயன் இங்கேதான் தெரிகிறது. இனி பாஸ்டன் இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய சம்பளக்காரரைப் பரிமாற்றத்தில் கேட்க முடியும், பரிமாற்றத்துக்குப் பிறகும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருந்தால். சைமன்ஸின் சுமார் 2.77 கோடி டாலர் ஒப்பந்தம் 2026 கோடையில் முடிவடைகிறது. அடுத்த ஆண்டுச் சுமையை இறக்கி வைக்க விரும்பும் அணிகளுக்கு அப்படிப்பட்ட ஒப்பந்தம் கவர்ச்சியானது. 2026 பிப்ரவரியில் பரிமாற்றக் கெடு வரும் வரை நிர்வாகம் காத்திருக்கலாம். கேட்டா தாக்குப்பிடிக்கிறார் என்றால் அவசரப்படத் தேவையில்லை. அவர் ஃபவுல் சிக்கலில் தொடர்ந்து அமர்ந்துவிட்டால், சைமன்ஸைக் கொடுத்து அனுபவமுள்ள ஒரு சென்டரை வாங்குவதே முதல் வழியாக இருக்கும். அப்படி வாங்கும்போது, வருபவரின் சம்பளம் டேட்டம் திரும்பிய பிறகான ஆண்டுகளுக்கும் நீளக்கூடாது என்பதில் ஸ்டீவன்ஸ் கண்டிப்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 2027 கோடையிலும் இதே கேள்விகளுக்கு மீண்டும் பதில் எழுத வேண்டியிருக்கும்.